கராத்தே பெல்ட்டா, ஆசான் சொல்லா?

மதுரையில் பிள்ளையைத் தற்காப்புக் கலைக்கு அனுப்ப நினைத்தால், முதலில் கண்ணில் படுவது கராத்தே வகுப்பு போர்டுதான். கொஞ்சம் விசாரித்தால் சிலம்பமும் பக்கத்திலேயே இருக்கும். என் மகள் பச்சை பெல்ட் வரை கராத்தே கற்றாள், இப்போது கம்பு சுற்றுகிறாள். உடம்புக்கு இரண்டும் நல்லது, அதில் பேச ஒன்றுமில்லை. யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று அளக்கும் விதத்தில்தான் இரண்டும் எதிரெதிர்.

கராத்தேயில் எல்லாம் இடுப்பிலேயே தெரிந்துவிடும். வெள்ளையில் தொடங்கி மஞ்சள், பச்சை, பழுப்பு என்று கருப்பு வரை போகும். நடுவில் வரும் கலர்கள் பாணிக்குப் பாணி மாறும். ஆயிரம் வருஷத்து மரபு என்று நினைத்துவிட வேண்டாம். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1880-களில் கருப்பு பெல்ட்டோடு தொடங்கிய ஏற்பாடு இது; நடுவில் வரும் கலர்கள் பிறகு சேர்ந்தவை. ஜப்பானில் கராத்தேயைப் பரப்பிய ஃபுனாகோஷி அதில் முதல் கருப்பு பெல்ட்டுகளைக் கொடுத்தது 1924-இல்தான்.

கூச்சப்படும் பிள்ளைக்கு இந்தப் பெல்ட் முறை நல்ல பிடிமானம், மறுக்கவில்லை. சில மாதத்துக்கு ஒரு டெஸ்ட், ஒரு புதுக் கலர். சிலம்பத்தில் அந்தச் சந்தோஷம் கிடையாது. காலடியும் வீச்சுமாக மாதங்கள் ஓடும். "நான் எதுலப்பா இருக்கேன்?" என்று மகள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒற்றைக் கம்பிலிருந்து இரட்டைக் கம்புக்கு ஆசான் மாற்றினால் அதுதான் பிரமோஷன். அவருக்குப் பிடித்த பையனுக்கு மான்கொம்பு ஆயுதம் சீக்கிரம் கைக்கு வருகிறது என்ற முணுமுணுப்பும் பெற்றோர் நடுவே உண்டு.

இருந்தும் நான் கம்புப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: இடம் மாறினால் என்ன ஆகும்? நாங்கள் அனுப்பானடியிலிருந்து திருநகருக்கு வீடு மாறினோம். அங்கே ஒரு கராத்தே வகுப்பில் பச்சை பெல்ட்டைக் காட்டியதும், "அது வேற ஸ்டைல், வேற சங்கம் சார். இங்க வெள்ளையிலருந்துதான் வரணும்" என்றார்கள். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஷோட்டோகான் பாணியில் ஹெயான் என்ற கட்டா (வரிசையான அசைவுப் பயிற்சி) செய்த பிள்ளைக்கு, கோஜு-ரியூ பாணியின் கெகிசாய் கட்டா புதுசுதான். ஆனால் ஒவ்வொரு கலருக்கும் டெஸ்ட் ஃபீஸ், பெல்ட், சர்டிஃபிகேட் என்று கட்டிய பணம்? வாங்கிய கடையில் மட்டும் செல்லும் கூப்பன் போல ஆகிவிட்டது.

எங்கள் ஆசானிடம் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். கையில் ஒரு காகிதம் கிடையாது. கம்பைக் கொடுத்து "சுத்துப்பா, பாப்போம்" என்றார். கொஞ்ச நேரம் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரிய பிள்ளைகளோடு நிற்க வைத்துவிட்டார். என் மகளிடமும் பெல்ட் கலரை அவர் கேட்கவில்லை. "நிலை நல்லா இருக்கு தாயி, தோளை மட்டும் தளர்த்து" என்றதோடு சரி. கராத்தே வகுப்பில் அவள் கற்றதில் அந்த நிலைக்காவது ஓர் இடத்தில் மதிப்புக் கிடைத்தது.

நான் பார்த்ததெல்லாம் சின்னப் பிள்ளைகளின் வகுப்புகளைத்தான். வருஷக்கணக்கில் உழைத்துக் கருப்பு பெல்ட் வாங்கிய பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம். சிலம்பத்திலும் சில சங்கங்கள் கிரேடு டெஸ்ட், பெல்ட் என்று இறங்கியிருக்கின்றன. அது பரவினால் என் வாதத்தில் பாதி அடிபட்டுப் போகும்.

அரசு வேலையை மனதில் வைத்துச் சேர்ப்பவர்களுக்கு: தமிழக அரசின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. ஆனால் அங்கே பெல்ட்டையோ ஆசான் சொல்லையோ யாரும் கேட்கப்போவதில்லை. போட்டிச் சான்றிதழ்தான் கேட்பார்கள். எந்த வகுப்பானாலும், அங்குள்ள பிள்ளைகள் எந்தப் போட்டிக்குப் போகிறார்கள், அதை எந்தச் சங்கம் நடத்துகிறது, அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று ஃபீஸ் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.