பனிப்பாளத்தை எதைக் கொண்டு அளப்பது: ஈர்ப்பா, லேசரா, ரேடாரா?

சேலத்தில் புவியியலும் நிலவியலும் படிக்கும் பிள்ளைகள் சிலர், இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குக் கிரீன்லாந்தின் பனிப்பாளத்தையோ அண்டார்டிகாவின் பனிப்பாளத்தையோ எடுக்கலாமா என்று தயங்குகிறார்கள். தாராளமாக எடுக்கலாம். தரவு முழுக்க இலவசம். அங்கே போய் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. எந்தத் தரவை எடுப்பது என்பதில்தான் குழப்பம் வருகிறது.

முதலில் ஈர்ப்பு. 2002 முதல் 2017 வரை கிரேஸ் என்ற செயற்கைக்கோள் ஜோடி, 2018 மே மாதம் ஏவப்பட்டதிலிருந்து அதன் வாரிசான கிரேஸ் ஃபாலோ-ஆன். இரண்டு செயற்கைக்கோள்கள் சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கின்றன. கீழே நிறை அதிகமான இடம் வந்தால் முன்னால் போவது முதலில் இழுபடும், இடைவெளி மாறும். அந்த மாற்றத்தை மைக்ரான் அளவுக்கு அளந்து, தரையில் நிறை எவ்வளவு கூடியது, குறைந்தது என்று கணக்கிடுகிறார்கள். பனியின் எடையை நேரடியாகச் சொல்லும் வழி இது ஒன்றுதான். கிரீன்லாந்து ஆண்டுக்குச் சுமார் 270 ஜிகா டன்னும் (ஒரு ஜிகா டன் என்பது நூறு கோடி டன்), அண்டார்டிகா சுமார் 150 ஜிகா டன்னும் இழக்கின்றன என்ற கணக்கு இதிலிருந்து வந்தது. நம் மேட்டூர் அணை 93.47 டி.எம்.சி. நிரம்பினால் நீரின் எடை ஏறத்தாழ 2.65 ஜிகா டன். அப்படியானால் கிரீன்லாந்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் நூறு மேட்டூர் போகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எனக்கு அந்த எண் வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

கணினி வேலையும் இதில்தான் குறைவு. மாதத்துக்கு ஒரு வரைபடமாகச் சுருக்கிய தரவு, சாதாரண லேப்டாப், கொஞ்சம் பைத்தான். ஒரே மாலையில் வரைபடம் வந்துவிடும்.

ஆனால் கிரேஸ் பிரித்துப் பார்க்கும் அளவு சுமார் 300 கி.மீ. மேட்டூர் நீரை மட்டும் தனியாகக் காட்டு என்றால் அதனால் முடியாது. கிரீன்லாந்திலோ, பனி கடலுக்குப் போவது சில கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளத்தாக்குகள் வழியாக. இன்னொரு தொல்லை, பனியுகத்தில் அமுங்கிய பாறை இன்னும் மெல்ல எழும்பிக்கொண்டிருக்கிறது. நிலம் ஒரு சென்டிமீட்டர் எழுந்தால், மேற்பரப்பின் உயரத்தை அளக்கும் லேசருக்கு அது ஒரு சென்டிமீட்டர் உயரம், அவ்வளவுதான். ஈர்ப்புக் கணக்கிலோ உள்ளே வந்து சேர்வது பனியைவிட மூன்று மடங்குக்கு மேல் அடர்த்தியான பாறை. அதனால் கிரேஸில் இந்தத் திருத்தம் பெரிது, அண்டார்டிகாவில் இன்னும் பெரிது.

லேசர் வேறு மாதிரி. 2018 செப்டம்பரில் ஏவப்பட்ட நாசாவின் ஐஸ்சாட்-2 செயற்கைக்கோள் நொடிக்குப் பத்தாயிரம் பச்சைத் துடிப்புகளை ஆறு கற்றைகளாகக் கீழே அனுப்பி, திரும்பி வரும் ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒவ்வொன்றாக எண்ணுகிறது. அவை திரும்ப எடுத்த நேரத்திலிருந்து உயரம் கிடைக்கிறது. 91 நாளுக்கு ஒரு சுற்று, 1,387 தடங்கள். சேலத்தின் அட்சரேகையில் அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே சுமார் 28 கி.மீ. இருக்கும். 70 டிகிரிக்குப் போனால் அது 10 கி.மீ. ஆகிவிடும், துருவத்தை நெருங்க நெருங்க இன்னும் நெருக்கம். துருவத்துக்கென்றே அமைத்த பாதை அது.

பழக விரும்புகிறவர்கள் முதலில் சேர்வராயன் மலைமேல் போகும் ஒரு தடத்தை எடுத்துப் பாருங்கள். காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களின் உச்சியில் ஒரு ஃபோட்டான் கூட்டம், அடியில் தரையில் இன்னொரு கூட்டம். அப்புறம் கிரீன்லாந்தைத் திறந்தால் ஒரே மெல்லிய கோடு, பிசிறே இல்லை. தரவு எப்படி இருக்கும் என்பது அந்த இரண்டு படத்திலேயே பிடிபடும். ஏற்காட்டில் மேகம் மூடிய நாளில் ஒன்றும் கிடைக்காது. துருவத்திலும் அதே கதைதான், லேசர் தடித்த மேகத்தைத் தாண்டாது. உயரத்தை எடையாக மாற்றுவதும் லேசான வேலை இல்லை. மேற்பரப்பு இறங்கினால் பனி உருகியிருக்கலாம், அல்லது மேலே கிடக்கும் தளர்ந்த பனி தன் எடையிலேயே இறுகியிருக்கலாம்.

மூன்றாவது ரேடார். மேகமும் துருவ இரவும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வெவ்வேறு நாளில் எடுத்த படங்களை ஒப்பிட்டு பனி எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லும். 2014 முதல் ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் இருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. அது இடப்பக்கமாகவே பார்க்கிறது. வலப்பக்கம் பார்க்கும் சென்டினலின் கண்ணில் படாத அண்டார்டிகாவின் உள்பகுதி அதற்குத் தெரியும்.

சங்கடம் கணினியில். ரேடாரின் மூலப்படம் ஒன்றே பல ஜி.பி. செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் என்ஜினில் செய்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அங்கே இருக்கும் சென்டினல்-1 படங்களில் அலையின் கட்டத் (phase) தகவல் இல்லை, இரு படங்களின் கட்டத்தை ஒப்பிட்டு நகர்வைக் கண்டுபிடிக்கும் குறுக்கீட்டு முறைக்கு அவை உதவாது. அதற்குப் பதில் அலாஸ்கா செயற்கைக்கோள் மையத்தின் இணையச் சேவையில் கேட்டால் அவர்கள் கணினியிலேயே செய்து தருகிறார்கள். நாசாவின் இட்ஸ் லைவ் தொகுப்பில் பனியாறுகளின் வேகம் தயாராகவே கிடைக்கிறது.

நான் பரிந்துரைப்பது, ஒரே ஒரு பனியாற்றை எடுத்து லேசர் உயரத்தையும் தயார் நிலை வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஈர்ப்பை மொத்தக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கிரீன்லாந்தின் யாக்கோப்ஷாவன் நல்ல தேர்வு. 2012 கோடையில் அது நாளுக்கு 46 மீட்டர் ஓடியது. 2016-க்குப் பிறகு முகத்துவாரத்துக்கு வந்த கடல்நீர் குளிர்ந்ததும் வேகம் குறைந்து, முனை தடித்தது. ஈர்ப்புத் தரவை மட்டும் பார்த்திருந்தால் இந்த ஒரு பனியாற்றின் திருப்பம் சுற்றுவட்டாரக் கணக்கோடு கலந்து போயிருக்கும். பெரிய ஆய்வாளர்களும் ஒன்றை மட்டும் நம்புவதில்லை. இம்பி என்ற கூட்டு முயற்சி 2012 முதலே மூன்று வழிகளையும் எதிரெதிரே வைத்துச் சரிபார்க்கிறது. 1992 முதல் 2020 வரை இரு பனிப்பாளங்களும் சேர்ந்து 7,560 ஜிகா டன் இழந்து, கடல் 21 மி.மீ. உயர்ந்தது என்பது அவர்கள் சேர்த்த கணக்கு.

ஐஸ்சாட்-2 தரவை இறக்கவும், அலாஸ்கா மையத்தில் ரேடார் வேலையைக் கேட்கவும், நாசாவின் எர்த்டேட்டா கணக்கு ஒன்றே போதும். தரவில் ஏ.டி.எல்.06 என்ற தொகுப்பை எடுங்கள். அதில் பனிப்பரப்பின் உயரம் ஏற்கெனவே கணக்கிட்டு இருக்கும். ஃபோட்டான் ஃபோட்டானாக இருக்கும் ஏ.டி.எல்.03 கோப்புகளை இறக்க ஆரம்பித்தால் டிஸ்க் சீக்கிரம் நிரம்பிவிடும்.