ஞாயிறு காலைக் காட்சியில் கொங்குப் பேச்சு

ஈரோடு மாவட்டத்தில் பவானி ஆற்றை ஒட்டிய ஊர் ஒன்றில், மற்ற நாள்களில் புதுப்படம் ஓட்டும் ஒற்றைத் திரையரங்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை காலை 10.30 மணிக் காட்சியை மட்டும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த படங்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. கடந்த நான்கு ஞாயிறுகளிலும் 74 வயதான என் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் ‘முந்தானை முடிச்சு’, ‘வைதேகி காத்திருந்தாள்’, ‘தேவர் மகன்’, ‘அமைதிப்படை’ ஆகிய நான்கு படங்களையும் முழுமையாகப் பார்த்தேன். டிக்கெட் 80 ரூபாய். நிறைவும் குறையும் கலந்த அனுபவம் இது. குறை சரிசெய்யக்கூடியது என்பதால்தான், அரங்கின் பெயரைத் தவிர்த்துவிட்டு, விரிவாக எழுதுகிறேன்.

கைப்பேசியிலேயே கிடைக்கும் படங்களுக்கு எதற்குப் பணம் கொடுத்துப் போக வேண்டும் என்று என் தம்பி கேட்டான். அவனுக்கு நான் சொன்ன பதில் எங்கள் ஊர்க் கொட்டாயைப் பற்றியது. அந்தக் காலத்தில் படத்தின் பிரதி என்பது 35 மி.மீ. பிலிம் சுருள்கள் அடங்கிய தகரப் பெட்டி. நொடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும்; இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் ஓடி முடித்த பெட்டி, கீறல் விழுந்து, அறுந்த இடங்களில் ஒட்டுப் போடப்பட்டு, நிறம் சிவந்து போய், கடைசியாகத்தான் எங்கள் கொட்டாய்க்கு வந்து சேரும். முதல் தடவை பார்த்தபோதே நாங்கள் அவற்றைப் பழைய படமாகத்தான் பார்த்தோம். இப்போது வன்தட்டில் வரும் டிஜிட்டல் பிரதியில் அந்தக் கீறலும் இல்லை, ஒட்டும் இல்லை. ஒரு படத்தில் மட்டும், தொலைக்காட்சிக்காக ஓரம் வெட்டிய பிரதியை யாரோ கொடுத்துவிட்டார்கள் போலும். பல காட்சிகளில் நடிகர்களின் நெற்றி திரைக்கு மேலே போய்விட்டது. மற்ற மூன்றிலும் படத்தின் தெளிவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல இயலாது.

அந்தத் தெளிவின் முழுப் பயனும் 1992ஆம் ஆண்டு தீபாவளிக்கு வந்த ‘தேவர் மகன்’ படத்தில் தெரிந்தது. கதை தூவலூர் என்ற கற்பனைக் கிராமத்தில் நடக்கிறது. பாத்திரங்கள் தென்மாவட்டத்துப் பேச்சைப் பேசுகின்றன. ஆனால் படம் எடுக்கப்பட்டது எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில். பி.சி. ஸ்ரீராம் படம் பிடித்த அந்தத் தென்னை வரிசைகளையும், இலைகளுக்கு நடுவே இறங்கும் காலை வெளிச்சத்தையும் பெரிய திரையில் பார்த்தபோது, பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்டுப் பத்து வருடம் இருந்த என் அம்மா, கதையை விட்டுவிட்டு மரங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். மண் எங்களுடையது, பேச்சு வேறு ஊருடையது என்ற இந்தப் பிரிவை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தபோது நான் ஒருநாளும் உணர்ந்ததில்லை. பொள்ளாச்சியின் வயல்வெளியைத் தமிழ் சினிமா எத்தனையோ ஊர்களாகக் காட்டியிருக்கிறது. கொங்குப் பேச்சுக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை. அது கிடைத்த படங்களை நாம் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும், கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். அரங்கின் குறையும் இந்தக் கேட்கும் விஷயத்தில்தான் இருந்தது.

முதல் ஞாயிறன்றே அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார். ‘முந்தானை முடிச்சு’ 1983இல் வந்த படம். அதன் நாயகனும் இயக்குநருமான பாக்யராஜ் கோபிச்செட்டிபாளையத்தை அடுத்த வெள்ளாங்கோவிலைச் சேர்ந்தவர் என்பதால், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவரை உறவுக்காரப் பையனைப் போலவே பேசுவார்கள். அவர் வசனத்தில் மெதுவாக இழுத்து நிறுத்தும் இடங்கள் எல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். படம் தொடங்கிக் கால் மணி நேரத்தில், “ஏங் கண்ணு, அவரு பேசறது ஒண்ணுமே காதுல உழுவ மாட்டீங்குது” என்றார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பாட்டுகள் கணீரென்று வந்தன. வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கலங்கி வந்தது. (படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாயகி குழந்தையைத் தாண்டிப் பொய்ச் சத்தியம் செய்யும் காட்சியில் அன்று கொட்டாயில் சிரிப்பும் கைதட்டலும் கலந்து கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. இன்று அரங்கில் அமைதிதான் இருந்தது. பாக்யராஜின் திரைக்கதைக் கட்டுமானம் இன்றும் அசையாமல் நிற்கிறது. ஆனால் அந்தப் பொய்யை இன்று இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.)

இரண்டாம் ஞாயிறன்று ‘வைதேகி காத்திருந்தாள்’. சைக்கிள் கடையில் கவுண்டமணியும் செந்திலும் பெட்ரோமாக்ஸ் விளக்கை வைத்துக்கொண்டு செய்யும் அமர்க்களத்தை அறியாத தமிழர் இருக்க மாட்டார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த கல்லூரிப் பையன்கள் மேண்டில் என்ற, அந்த விளக்கில் ஒளிரும் வலைத்திரியை நேரில் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை, ஆனாலும் எங்களுக்கு முன்பே சிரித்தார்கள். கவுண்டமணி உடுமலைப்பேட்டைப் பக்கத்து வல்லகுண்டபுரத்துக்காரர். செந்தில் இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து வந்தவர். ஒருவர் பேச்சின் வேகமும் மற்றவர் பேச்சின் நிதானமும் மோதுவதில்தான் அந்த நகைச்சுவையின் உயிர் இருக்கிறது. அரங்கின் ஒலியில் இரண்டு குரலும் ஒன்றாகக் குழைந்து போனதால், மனப்பாடமாகத் தெரிந்த வசனத்தை நாங்களே மனத்துக்குள் நிரப்பிக்கொண்டு சிரித்தோம்.

‘தேவர் மகன்’ ஒலிப்பதிவுக்கும் சேர்த்துத் தேசிய விருது பெற்ற படம். அதையும் இப்படிக் கேட்க நேர்ந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. காட்சி முடிந்ததும் ஆபரேட்டரைப் பார்த்துப் பேசினேன். முகம் சுளிக்காமல், “வாங்க்கா, காட்டறேன்” என்று மேலே அழைத்துப்போய் விளக்கினார். அரங்கிற்கு வந்த இந்தப் பிரதிகளில் இருப்பது பழைய ஒற்றைத் தட ஒலி. திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஒலிபெருக்கியில் மட்டும் அது வர வேண்டும். புதுப்படம் பார்த்துப் பழகியவர்களுக்குச் சத்தம் போதவில்லை என்று தோன்றிவிடுமோ என்று பயந்து, நிர்வாகம் அதே ஒலியைச் சுவர்களில் உள்ள எல்லா ஒலிபெருக்கிகளுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் தூரம்தான் போகும். 30 மீட்டர் நீள அரங்கில் கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பக்கத்துச் சுவரின் குரல் உடனே கேட்டுவிடும்; திரையிலிருந்து அதே குரல் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு நொடி பிந்தி வந்து அதன்மேல் விழும். பாட்டுக்கு அது பெரிய கேடில்லை. பேச்சுக்கு அது கேடு. அதிலும் எங்கள் பேச்சுக்குப் பெருங்கேடு. கொங்குத் தமிழின் மரியாதை முழுவதும் சொல்லின் கடைசியில், ‘ஏனுங்’, ‘சரிங்’, ‘வரணுங்’ என்று மூக்கில் தேய்ந்து முடியும் அந்த ஓர் ஒலியில்தான் இருக்கிறது. எதிரொலி முதலில் விழுங்குவது அதைத்தான்.

நான்காம் ஞாயிறன்று அந்த ஆபரேட்டரே சுவர் ஒலிபெருக்கிகளை அடைத்துவிட்டு ‘அமைதிப்படை’யை ஓட்டினார். 1994 பொங்கலுக்கு வந்த படம். இயக்குநர் மணிவண்ணன் சூலூர்க்காரர்; சத்யராஜ் கோயமுத்தூர்க்காரர். இருவரும் அடுத்தடுத்து அமர்ந்து பேசும்போது கேட்பது எழுதிக் கொடுத்த வசனம் என்றே தோன்றாது. டீக்கடைப் பெஞ்சில் இரண்டு பேர் ஊர்க்கதை பேசுவதாகவே இருக்கும். கோயமுத்தூர்க் குசும்பு என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது, குரலை உயர்த்தாமல், மரியாதைச் சொல்லையும் விடாமல், ஆளைக் குத்திவிட்டுப் போவது. தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அமாவாசை (சத்யராஜ்) தேர்தலில் நிற்கிறான். ஓட்டு எண்ணிக்கை அறிவிக்கப்பட அறிவிக்கப்பட, நாற்காலியின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்கிறான். அவனை நிறுத்திய மணிவண்ணன் பக்கத்திலிருந்து அதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார். இந்தக் காட்சியைக் குறைந்தது இருபது முறையாவது தொலைக்காட்சியில் பார்த்திருப்பேன். சத்யராஜின் முதுகு எப்போது நாற்காலியில் சாய்கிறது என்பதை மட்டுமே இத்தனை நாளும் பார்த்திருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது. உடம்பு நிமிர நிமிர, குரலிலும் பணிவு வடிந்துகொண்டே போகிறது. அடங்கிப் பேசியவனின் தொண்டை மெல்லத் திறந்துகொள்கிறது. அன்று அரங்கில் சிரிப்பு ஒரே நேரத்தில் எழுந்தது. வசனத்தைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு அது. அம்மா ஒரு தடவைகூட என்னிடம் திரும்பி என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

மற்ற வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இருக்கைகள் பழையவை, ஆனால் துடைத்து வைத்திருக்கிறார்கள். குளிர்சாதனம் இடைவேளைக்குப் பிறகுதான் சரியாக வேலை செய்கிறது. டீ 15 ரூபாய், முறுக்கு நன்றாக இருக்கிறது. பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறது, தாழ்ப்பாள்தான் சரியில்லை. படிக்கட்டில் கைப்பிடி இல்லாததால், வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் பால்கனியைத் தவிர்த்துவிட்டுக் கீழே நடு வரிசையில் இடம் பார்ப்பது நல்லது. ஒலிக்கும் அந்த இடமே ஏற்றது.

நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். பழைய படங்களுக்கான ஒலி அமைப்பைக் கருவியில் தனியாகப் பதிந்து வைத்துவிட்டால், ஞாயிறு காலையில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்று உங்கள் ஆபரேட்டரே சொல்கிறார். அதற்குச் செலவு எதுவும் இல்லை, உங்கள் அனுமதி மட்டும்தான் வேண்டும். இப்போதைக்கு அவர் பணியில் இருக்கும் ஞாயிறுகளில் வசனம் கேட்கிறது. மற்றவர் வந்தால் சுவர்கள் பேசத் தொடங்கிவிடுகின்றன. அடுத்த வாரம் ‘சின்ன கவுண்டர்’ என்று சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்கள். டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் மேலே யார் இருக்கிறார் என்று கேட்டுவிடச் சொல்லி அம்மா இப்போதே என்னிடம் சொல்லி வைத்திருக்கிறார்.