ஊர்வீட்டைப் புதுப்பித்து வாடகையைக் கூட்டித் தருவதாகச் சொல்வோரிடம் எச்சரிக்கை

தமிழகத்துக் கிராமத்தில் பூர்வீக வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சிங்கப்பூரில் வேலை செய்வோரைத் தேடி இப்போது சிலர் வருகிறார்கள். வீட்டைப் புதுப்பித்தால் வாடகை இரு மடங்காகும், விற்றாலும் நல்ல விலை போகும் என்று சொன்ன அப்படிப்பட்ட ஒரு தரப்பினரிடம் மன்னார்குடிப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டை ஒப்படைத்து 9 லட்சம் ரூபாய் கொடுத்தோம். வேறு எவரும் பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பணம் என்னவாயிற்று என்று தெரிந்துகொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

மாடித்தளச் செப்பனிடல், கழிவுநீரை மண்ணுக்குள் இறங்கவிடும் உறிஞ்சுகுழியுடன் கூடிய கழிப்பறை, மின்கம்பி மாற்றம், தரை ஓடு, ஃபால்ஸ் சீலிங், சுவருக்குப் பிவிசி பலகை ஆகியவை மதிப்பீட்டில் இருந்தன. வாட்ஸ்அப்பில் தவணை கேட்கும்போதெல்லாம் கூடவே வந்த படங்களில் கடைசி மூன்று வேலைகள் மட்டுமே பளபளத்தன. மாடியையோ, மண்ணுக்கடியில் போன குழாயையோ காட்டிய படம் ஒன்றுகூட வரவில்லை. கேட்டால், வேலை நடக்கிறது என்ற பதில்தான் வந்தது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உண்மை வெளிப்பட்டது. எங்கள் மாடியில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து, நீர் வடிவதற்கேற்ற வாட்டத்தோடு இடித்துப் போட்ட சுருக்கித் தளமும் அதன்மேல் தட்டோடும் இருந்தன. ஓரிரு இடங்களில் விரிசலை அடைத்திருந்தாலே போதுமாயிருந்த அந்தத் தளம் முழுவதையும் பெயர்த்தெடுத்துவிட்டு, வாட்டம் எதுவும் கொடுக்காமல் வெறும் கான்கிரீட்டின்மேல் வெள்ளைப் பூச்சை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாடியில் தேங்கிய நீர் கீழே இறங்கியது. ஃபால்ஸ் சீலிங் அதை மறைத்ததால், பலகை ஊறிப் பெயர்ந்து விழும்வரை குடியிருந்த ஆசிரியர் குடும்பத்துக்கு எதுவும் தெரியவில்லை. சுவரில் ஓதம் இருந்த இடங்களையெல்லாம் பிவிசி பலகையால் மூடியிருந்தார்கள். ஓதத்தை மூடினால் அது காய்வதில்லை. ஈரம் உள்ளேயே நின்று பூச்சை உதிர்க்கும், கான்கிரீட்டுக்குள் எட்டினால் கம்பியையும் துருப்பிடிக்கச் செய்யும்.

கழிப்பறை இதைவிட மோசம். தொட்டி கட்டியவர்கள் உறிஞ்சுகுழி தோண்டவே இல்லை. கழிவுநீரைக் குழாய் வழியே கொல்லைப்புற வாய்க்காலில் விட்டிருந்தார்கள். களிமண் நிலத்தில், அதுவும் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறி நிற்கும் டெல்டாவில், உறிஞ்சுகுழிக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். வாய்க்கால் நிரம்பியதும் நீர் திரும்பிவந்தது. பக்கத்து வீட்டார் ஊராட்சியில் புகார் கொடுத்தார்கள். சித்தப்பா அழைத்துவந்த மின்பணியாளர், புதிதாகப் பொருத்திய மூன்று துளை பிளக்குகள் எதிலும் எர்த் கம்பி இணைக்கப்படவில்லை என்று கண்டுபிடித்தார். உயிர்போகும் ஆபத்து இது. ஒழுகலைக்கூட இதற்கு அடுத்தபடியாகத்தான் சொல்வேன்.

வாடகை ஏறவில்லை, ஆசிரியர் குடும்பமும் காலிசெய்துவிட்டது. அந்தப் பக்கத்தில் வீடு தேடுவோர் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், செவிலியர்கள் போன்றோரே. தண்ணீர் வருமா, மழைக்கு ஒழுகுமா, கழிப்பறை அடைக்குமா என்பவைதான் அவர்கள் கேட்பவை. ஃபால்ஸ் சீலிங்குக்காக நூறு ரூபாய் கூட்டித் தருபவர் அங்கே இல்லை.

இங்கே சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடென்றால், புதுப்பிக்கக் கழகத்தின் பட்டியலிலுள்ள ஒப்பந்தக்காரரைத்தான் அமர்த்த வேண்டும். புதுக் கட்டடத்தில் குளியலறைத் தரையை முதல் 3 ஆண்டுகளுக்குப் பெயர்க்கவும் முடியாது. அந்தப் பழக்கத்தில் ஊர்வேலைக்கும் யாரோ மேற்பார்வை பார்ப்பார்கள் என்ற எண்ணம் நமக்கு எளிதில் வந்துவிடுகிறது. பேச்சு நடந்தது சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில். ரசீது தந்ததோ தமிழகத்திலுள்ள அவர்களின் கூட்டு நிறுவனம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் இங்குள்ள சிறு கோரிக்கை நடுவர் மன்றம் எங்களுக்கு உதவாமல் போனதற்கு அந்த ரசீதுதான் காரணம். ஆகவே பணம் யார் பெயருக்குப் போகிறது என்பதை முதலிலேயே பாருங்கள்.

இந்தியாவின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இணையவழியே புகார் கொடுத்திருக்கிறோம். குறை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். வாடகைக்கு விடும் வீடு வணிக நோக்கம் சார்ந்தது, ஆகவே நாங்கள் நுகர்வோரே அல்லர் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பதில் அனுப்பியிருக்கிறார். உங்கள் ஒப்பந்தத்தில் 'முதலீடு', 'வருமானத் திட்டம்' போன்ற சொற்களை அவர்கள் எழுதித் தந்தால், பின்னாளில் இதே வாதத்துக்கு அது வசதியாகிவிடும்.

வாடகைதாரரைத் தேடித்தர வேண்டுமென்றால் பொது அதிகாரப் பத்திரம் வேண்டும் என்றும் கேட்டார்கள்; அதை மட்டும் நாங்கள் கொடுக்கவில்லை. விற்கும் உரிமைவரை எழுதிவைக்கக்கூடிய அந்தப் பத்திரம் இந்த வேலைக்குத் தேவையே இல்லை. உள்ளூர் கொத்தனார் ஒருவர் இப்போது மாடியில் வாட்டம் கொடுத்துத் தட்டோடு பதித்து வருகிறார். அந்தத் தரப்பினரோ புதிய வாடிக்கையாளர்களிடம் முடித்த வேலைகளுக்குச் சான்றாகக் காட்டும் படங்களில், பலகை விழுவதற்கு முன் எடுத்த எங்கள் கூடத்தின் படத்தையும் சேர்த்திருக்கிறார்கள்.