ஒன்பது ஃபாரம் நனைந்த நாவலும் அதை அச்சடித்துக் கொடுத்த அச்சகமும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருக்கும் ஓர் அச்சகத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார், "இருக்கிற வேலையையே நேரத்துக்கு முடிக்க முடியலை மேடம்" என்றார். நாவலோ கவிதைத் தொகுப்போ கையில் வைத்துக்கொண்டு நல்ல அச்சகம் தேடுகிறவர்கள் கேட்டால் தனியாகச் சொல்கிறேன்.

இப்போது எழுதக் காரணம், நானே பதிப்பித்த என் நாவல் ஓர் இதழின் 2024 ஆண்டிறுதிப் பட்டியலில் வந்திருக்கிறது. பார்த்ததும் கொஞ்ச நேரம் கை நடுங்கியது. தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கடிதம் எழுதிவிட்டேன், வாழ்த்துச் சொன்னவர்களுக்கெல்லாம் பதில் போட்டுவிட்டேன், ஆனால் பெரிய நன்றி பாக்கி இருப்பது இந்த அச்சகத்துக்குத்தான். ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் 2023 டிசம்பரிலிருந்து தொடங்க வேண்டும்.

நாவல் 352 பக்கம். பதினாறு பக்கம் சேர்ந்து அச்சாகி மடிக்கப்படும் தாள்தான் ஒரு ஃபாரம், அந்தக் கணக்கில் 22 ஃபாரம், 500 பிரதி. நவம்பர் கடைசியில் எல்லாம் அடித்து முடித்து மடிப்புக்குக் காத்திருந்தது. ஜனவரி 3 அன்று நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் 47ஆவது சென்னைப் புத்தகக் காட்சி தொடங்குகிறது, அதற்குள் வந்துவிடும் என்று சொந்தக்காரர்கள் வரை சொல்லி வைத்திருந்தேன். டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தது. தொழிற்பேட்டைக்குள் புகுந்த தண்ணீர் வடிய நாள்கணக்கில் ஆனது.

தண்ணீர் வடிந்ததும் உரிமையாளரே கூப்பிட்டார். "மேடம், முதல் 9 ஃபாரம் கீழே பலகை மேல இருந்தது, போயிடுச்சு. மீதி 13 மேல் ரேக்ல இருந்ததால தப்பிச்சுது. மிஷின் மோட்டாரும் தண்ணியில. எப்ப முடியும்னு இப்ப நான் தேதி சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும்." அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் ஒரு வாரம், பத்து நாள் என்று இழுத்தடிக்காமல் இப்படி நேராகச் சொன்னாரே, அந்த இடத்தில்தான் எனக்கு இவர்மேல் நம்பிக்கை வந்தது. புத்தகக் காட்சி என் புத்தகம் இல்லாமலே வந்தது, போனது.

மோட்டார், மின்சாரப் பெட்டி எல்லாம் சரிசெய்து மிஷின் மறுபடி ஓட ஏப்ரல் ஆகிவிட்டது. நனைந்த ஃபாரங்களுக்குப் பேப்பர் காசும் பிளேட் (அச்சுத் தகடு) காசும் மட்டும் வாங்கினார், அடிகூலி வாங்கவில்லை. அவருக்கே அவ்வளவு நஷ்டம் இருக்கும்போது நான் கேட்டிருக்கவும் மாட்டேன், அவராகச் செய்தது.

அப்புறம்தான் முக்கியமான விஷயம். அந்த அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கப் பெரியவர் ஒருவர் மாலையில் வருவார். ஈய எழுத்து காலத்தில் அச்சுக் கோத்தவர். நனைந்து வீணான ஃபாரங்களில் ஒரு செட்டை அவர் வீட்டுக்கு எடுத்துப் போய்க் கொடியில் காயப்போட்டு, தாள் அலை அலையாகச் சுருண்டு கிடந்த நிலையிலேயே 144 பக்கத்தையும் படித்திருக்கிறார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. எப்படியும் புது பிளேட் போடப் போகிறார்கள், இன்னொரு தடவை பார்த்துவிடலாமே என்று. 97ஆம் பக்கத்தின் ஓரத்தில் சிவப்புப் பால்பாயிண்ட்டில் இப்படி எழுதியிருந்தார்: "மூக்குத்தியை 41இல் சேட்டு கடையில் வைத்தாயிற்றே அம்மா. எப்போது மீட்டாள்?"

மீட்கவில்லை. 41ஆம் பக்கத்தில் மகன் படிப்புக்காக மூக்குத்தியை அடகு வைத்தவளுக்கு 97ஆம் பக்கத்தில் விளக்கு வெளிச்சத்தில் மூக்குத்தி மின்னுவதாக எழுதியிருந்தேன். நான் ஆறு தடவை படித்த பிரதி, மூன்று நண்பர்கள் படித்த பிரதி, யார் கண்ணிலும் படவில்லை. தண்ணீர் வராமல் போயிருந்தால் அப்படியேதான் வெளியே வந்திருக்கும்.

ஒரு வரியை எடுத்தால் தவறு தீர்ந்தது. ஆனால் உட்கார்ந்து யோசித்தபோது என் அத்தை ஞாபகம் வந்தாள். மூக்குத்தி அடகுக்குப் போனால் துளை தூர்ந்துவிடக் கூடாது என்று துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகிக்கொள்வாள், எங்கள் ஊரில் அப்படி எத்தனையோ பேர். பார்த்தே வளர்ந்தவள் நான், எழுதும்போது நினைவுக்கு வரவேயில்லை. குச்சியை ஒடித்து, நுனியை நகத்தால் மழுக்கி, கண்ணாடி பார்க்காமலே அவள் செருகிக்கொள்கிற காட்சியை எழுதினேன். 19 வரி வந்தது.

அதில் ஒரு சிக்கல். பத்தாவது ஃபாரம் அடித்தாகிவிட்டது, 145ஆம் பக்கம் பாதி வாக்கியத்தில் தொடங்குகிறது. அதனால் 144 முடிகிற இடம் ஒரு சொல்கூட நகரக் கூடாது. அந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த வெற்றிடமோ ஆறு வரிக்குத்தான். மீதி 13 வரிக்கு இடம் வேண்டும். அச்சகத்தில் டிடிபி, அதாவது கணினியில் பக்க அமைப்பு, செய்யும் தங்கை முகம் சுளிக்காமல் இரண்டு மாலை என்னோடு உட்கார்ந்தாள், நிலா வெளிச்சத்தைப் பற்றி நான் ஆசை ஆசையாக எழுதியிருந்த ஒரு பத்தியைத் தூக்கினோம். பெரியவர் பக்கத்தில் நின்று எண்ணிச் சரிபார்த்தார்.

புத்தகம் ஜூனில் வந்தது. ஆண்டிறுதிப் பட்டியலில் என் நாவலைப் பற்றி எழுதியது மொத்தம் நான்கு வரி, அதில் இரண்டு வரி அந்த ஈர்க்குச்சியைப் பற்றி.

குறைகளும் சொல்ல வேண்டும். போனை உடனே எடுக்க மாட்டார்கள். அட்டை லேமினேஷன் சில பிரதிகளில் முதுகு ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது, சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள். அப்புறம், மறுபடி அடித்த 9 ஃபாரத்துக்கு அதே நேச்சுரல் ஷேட் பேப்பர்தான் வாங்கினார் என்றாலும் லாட் வேறு. புத்தகத்தை மூடி வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் முன்பகுதி ஒரு துளி வெளுப்பாகவும் பின்பகுதி கொஞ்சம் பழுப்பாகவும், நடுவில் கோடு போட்டது போலத் தெரியும். அடிப்பதற்கு முன்பே இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இப்படித்தான் வரும், சம்மதமா?" என்று கேட்டார். சம்மதித்தேன். இன்று அந்தக் கோட்டை விரலால் தடவாமல் நான் புத்தகத்தைத் திறப்பதில்லை.

பட்டியல் வந்தபோது என்னிடம் பதினேழு பிரதிதான் இருந்தது, 48ஆவது புத்தகக் காட்சி டிசம்பர் 27 அன்றே தொடங்கிவிட்டது. இரண்டாம் அச்சு 300 பிரதி ஆறே நாளில் கொடுத்தார்கள். தையல் பைண்டிங், நன்றாக விரித்து வைத்துப் படிக்கலாம், தாள் கழன்று வரவில்லை. இருபது, முப்பது பிரதி மட்டும் வேண்டுமென்றால் இவர்கள் சரிப்பட மாட்டார்கள், கேட்கிற அளவுக்கு மட்டும் அடித்துத் தரும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் பக்கம் போங்கள். 300க்கு மேல் என்றால் தைரியமாகப் போகலாம். கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள், ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் போவது நல்லது, பெரியவர் அப்போதுதான் வருவார்.