சுண்ணாம்பா, மருந்தா, பிளாஸ்டிக்கா?

ஐப்பசி மழை இரண்டு நாள் பிடித்து வெறித்ததும், ஏதாவது ஒரு தெருக்குழியின் ஓரத்தில் கிடக்கும் ஜல்லியைக் கையில் எடுத்துப் பாருங்கள். தார் பூசிய தடமே இருக்காது. கிரஷரிலிருந்து அப்போதுதான் இறக்கின மாதிரி சாம்பல் நிறத்தில் இருக்கும். தார் முறுகி உடைந்திருந்தால் கல்லில் கருப்பு மிச்சம் இருந்திருக்கும். இங்கே தண்ணீர் தாரை உரித்தே எடுத்துவிட்டது.

மதுரையைச் சுற்றிக் கிடைப்பது பெரும்பாலும் கிரானைட், நைஸ், சார்னோகைட் வகைக் கல். இப்படிச் சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) மிகுந்த கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீர் மேல்தான் பிரியம். இடுக்கில் நீர் புகுந்துவிட்டால், மேலே ஓடும் லாரிச் சக்கரம் பம்பு மாதிரி அதை அழுத்தி அழுத்தி உள்ளே ஏற்றும்.

இதைத் தடுக்க மூன்று வழி புழக்கத்தில் இருக்கிறது. ஒரு டன் கலவையில் தார் சுமார் 50 கிலோ என்று வையுங்கள். நீற்றிய சுண்ணாம்பு என்றால் 20 கிலோ வரை போகும். அமீன் மருந்து, அதாவது தாரைக் கல்லோடு ஒட்டவைக்கும் ரசாயனம், கால் கிலோ போதும். பிளாஸ்டிக் 4 கிலோ; பிளாஸ்டிக் போட்டால் அந்த 4 கிலோ அளவுக்குத் தாரைக் குறைத்துக்கொள்ளலாம்.

கணக்குப் பார்த்தால் மருந்துதான் சுலபம்: தார் டேங்கில் ஊற்றினால் வேலை முடிந்தது. சிக்கலும் அந்த டேங்கில்தான். சூடான தாரில் நாள் கணக்கில் கிடந்தால் பல மருந்துகள் வீரியம் இழந்துவிடும். தார்க்கலவை தயாரிக்கும் பிளாண்ட் நின்று நின்று ஓடுகிற மழைக்காலத்தில் நான் இதை நம்ப மாட்டேன்.

பிளாஸ்டிக் நம்ம ஊர்ச் சரக்கு. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட வழி. 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுப் பார்த்தார், 2018-இல் பத்மஸ்ரீ வந்தது. துண்டாக்கிய பையைச் சுமார் 165 டிகிரிச் சூட்டில் இருக்கும் ஜல்லி மேல் தூவினால் உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும். தார் அதன்மேல் பிடிக்கும். நல்ல யோசனைதான், ஆனால் பிளாஸ்டிக் சுத்தமாக, காய்ந்து, பிவிசி கலக்காமல் வரவேண்டும். பிவிசி சூடானால் அமில வாயு கக்கும். குப்பை வண்டியிலிருந்து அப்படிப் பிரித்து வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

லாரி ஓடும் சாலைக்கு என் ஓட்டு சுண்ணாம்புக்கே. அதிலுள்ள கால்சியம், தாரிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து நீரில் கரையாத உப்பாகிக் கல்லில் நின்றுவிடும். தார் சீக்கிரம் முறுகாமலும் காக்கும். தூசி பறக்கும், கொட்டி வைக்கத் தனி சைலோ (உயரமான தொட்டி) வேண்டும், கண் எரியும் என்று பிளாண்ட் ஆட்கள் முணுமுணுப்பார்கள், சரி. நீறாத சுண்ணாம்பு மட்டும் கலந்துவிடக் கூடாது. பிறகு ஈரம் பட்டு உப்பி, சாலையையே தூக்கிவிடும்.

எதைப் போட்டாலும், வாய்க்கால் இல்லாமல் ஓரத்தில் தண்ணீர் கட்டி நின்றால் காசு போச்சு.

சோதனையும் பெரிய வித்தை இல்லை. தார் பூசிய ஜல்லியை 40 டிகிரித் தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவிட்டு, 95 சதவீதமாவது கருப்பு நிற்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. சித்திரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில் இருக்கும்! கண்ணை மட்டும் நம்பாமல், ஊறிய கலவையின் இழுவிசை வலு ஊறாததில் 80 சதவீதமாவது இருக்கிறதா என்ற லேப் அறிக்கையும் கேளுங்கள். கிரஷர் மாறினால் புதுக் கல்லுக்குப் புது அறிக்கை.