400 சீட் தியேட்டர்ல டார்க் சைடு ஆஃப் தி மூன், முழு ஆல்பமும் லைவ்வா

போன சனிக்கிழமை நானும் என் பொண்ணும் நியூ ஜெர்சில ஒரு சின்ன ஊர் கம்யூனிட்டி தியேட்டர்ல பிங்க் ஃபிளாய்டு ட்ரிபியூட் ஷோ பார்த்தோம், அதாவது பிங்க் ஃபிளாய்டுங்கற பிரிட்டிஷ் ராக் பேண்டோட பாட்டுங்களை வேற ஒரு பேண்டு வாசிக்கற கச்சேரி. நாலு நாளாச்சு, இன்னும் காதுல ஓடிட்டே இருக்கு. தியேட்டர் வாலண்டியர்ஸ் நடத்தறது, டிக்கெட் பாக்கறதும் அவங்கதான் இன்டர்வெல்ல காபி ஊத்தறதும் அவங்கதான், மொத்தமே 400 சீட்டுதான் இருக்கும். பேண்டும் அக்கம்பக்கத்து ஆளுங்க, பகல்ல வேற வேற வேலை பாக்கறவங்க.

ட்ரிபியூட் பேண்டுன்னாலே விக் வச்சுக்கிட்டு வேஷம் போட்டு வருவாங்கன்னு சில பேர் ஒதுக்கிடறாங்க. பிங்க் ஃபிளாய்டுக்கு அந்தப் பிரச்சனையே கிடையாது, அவங்களே மேடைல முகத்தைக் காட்டாம வெளிச்சத்துக்கும் புகைக்கும் பின்னாடி நின்னு வாசிச்சவங்கதான். அதனாலதான் 1988ல அடிலெய்டுல ஆரம்பிச்ச ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்டு ஷோ இன்னிக்கு வரைக்கும் பெரிய பெரிய அரங்கத்துல ஓடுது, பிங்க் ஃபிளாய்டு கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோரே தன்னோட 50வது பிறந்தநாள் பார்ட்டிக்கு அவங்களைக் கூப்பிட்டு வாசிக்க வச்சாரு. நான் பார்த்த பேண்டுக்கு அந்த வசதியெல்லாம் இல்ல, பின்னாடி வட்டமா ஒரு வெள்ளைத்துணி, நாலு கலர் லைட்டு, அவ்ளோதான்.

முதல் பாதி சுமார்தான்னு சொல்லணும். ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்டுல ஆரம்பிச்சாங்க, அந்தப் பாட்டே நாலு ஸ்வரத்துல நிக்கற பாட்டு, கில்மோர் கிட்டார்ல அந்த நாலு ஸ்வரம் விழுந்தவுடனேயே ஆரம்பத்துல பேண்டுல இருந்து விலகிப் போன சிட் பாரெட்டோட ஞாபகம் வந்து பேஸ் வாசிச்ச ரோஜர் வாட்டர்ஸ் எழுதினது. இங்க வாசிச்ச கிட்டாரிஸ்ட் அந்த நாலையும் அவசரமே படாம விட்டு விட்டு வாசிச்சாரு, நல்லா இருந்துச்சு, ஆனா பாட ஆரம்பிச்சதும் குரலே கேக்கல, பேஸ் கிட்டார் எல்லாத்தையும் அமுக்கிடுச்சு. நாங்க இடது பக்க ஓரத்துல ஸ்பீக்கர் பக்கத்துல உக்காந்திருந்தோம். இன்டர்வெல்ல ஒரு வாலண்டியர் அம்மாகிட்ட சொன்னதுக்கு அவங்களே கூட்டிட்டுப் போய் பின்னாடி சவுண்ட் மிக்ஸர் வச்சிருக்கற இடத்துக்கு முன்வரிசைல உக்கார வச்சாங்க, அங்க வேற கச்சேரியே கேட்டுச்சு. நீங்க போனா முதல்லயே அந்த இடமா பார்த்து டிக்கெட் எடுங்க.

ரெண்டாவது பாதில டார்க் சைடு ஆஃப் தி மூன், 1973ல வந்த ஆல்பம், 43 நிமிஷம், நடுவுல நிறுத்தாம முழுசா. லைட்டெல்லாம் அணைச்சுட்டு டிரம்ஸ்லேர்ந்து அந்த நெஞ்சுத்துடிப்பு மட்டும் வந்தப்பவே ஹால்ல பேச்சு நின்னுடுச்சு. கடிகாரச் சத்தமெல்லாம் ரெக்கார்டிங்தான் போட்டாங்க, அதைக் குறை சொல்ல முடியாது, ஒரிஜினல்லயும் சவுண்ட் இன்ஜினியர் ஆலன் பார்சன்ஸ் கடிகாரக் கடைக்குப் போய் ஒவ்வொண்ணா பதிவு பண்ணிட்டு வந்து சேர்த்ததுதான்.

மணி (Money, பணம்) பாட்டுக்கு வர்றேன். சில்லறைக் காசு சத்தமும் கல்லாப்பெட்டி சத்தமும் சுத்திச் சுத்தி வருமே, அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் கிடையாது, டேப்பை அளந்து வெட்டி ஒட்டி வளையமா ஓட விட்டாங்க, மொத்தம் ஏழு சத்தம், பாட்டும் ஏழு எண்ணிக்கைதான். என் பொண்ணு மிருதங்கம் கத்துக்கறா, இந்தப் பாட்டை அவ கேட்டதே இல்ல, ரெண்டு சுத்து போனதும் முட்டி மேல மிஸ்ர சாபு, அதாவது ஏழு எண்ணிக்கை தாளம், போட ஆரம்பிச்சுட்டா. எங்களுக்கு முன்னாடி வரிசைல நாலஞ்சு பேர் உற்சாகமா கைதட்டினாங்க, எட்டாவது தட்டு விழற இடத்துல பாட்டு திரும்பி முதல்லேர்ந்து வந்துடும், தட்டு ஒவ்வொரு சுத்துக்கும் தள்ளித் தள்ளிப் போய் விட்டுட்டாங்க. சாக்ஸஃபோன் சோலோ முடியற வரைக்கும் ஏழு, கிட்டார் சோலோ எடுத்ததும் நாலுக்கு மாறும். "அப்பா, இப்ப நாலு"ன்னு காதுல சொன்னா, அதே செகண்டு டிரம்மர் தலையை நிமிர்த்தி கிட்டாரிஸ்ட்டைப் பாத்து கண்ணால ஒரு சிக்னல் குடுத்தாரு. நான் 25 வருஷமா ஹெட்ஃபோன்ல கேட்ட பாட்டு, அந்த மாற்றத்துல ரெண்டு மனுஷங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கணும்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இது ஸ்டேடியத்துல உக்காந்தா தெரியாது, சின்ன ஹால்ல மட்டும்தான் கிடைக்கும்.

இதுக்கு முந்தின பாட்டு கிரேட் கிக் இன் தி ஸ்கை, அதைத் தனியா சொல்லணும்னுதான் விட்டு வச்சேன். ஒரு வார்த்தை கூட பாடறதுக்கு இல்லாத பாட்டு, முழுக்க குரல்தான். ரெக்கார்டிங்ல பாடின கிளேர் டோரிக்கு அன்னிக்குக் குடுத்தது 30 பவுண்டு, பின்னாடி கேஸ் போட்டுத்தான் 2005லேர்ந்து பாட்டை எழுதின கீபோர்டிஸ்ட் ரிக் ரைட்டோட பேருக்குப் பக்கத்துல அவங்க பேரும் வருது, வந்தே ஆகணும், அந்தக் குரல் இல்லன்னா அந்தப் பாட்டே இல்ல. லைவ்ல பெரும்பாலும் ரெண்டு மூணு பேர் பங்கு போட்டுத்தான் பாடுவாங்க, அவ்ளோ மூச்சு வேணும். இங்க ஒரே அம்மாதான் பாடினாங்க, அம்பது வயசு இருக்கும், ஸ்கூல்ல மியூசிக் டீச்சராம். உச்சத்துல ஒரு இடத்துல குரல் லேசா கீறுச்சு, அவங்க அதை மறைக்கல, அந்தக் கீறலோடவே இன்னும் மேல போனாங்க, மைக்கைப் பிடிச்சிருந்த கை நடுங்கினது மிக்ஸர் பக்கத்துலேர்ந்தே தெரிஞ்சுது. அப்புறம் தணிஞ்சு தணிஞ்சு முணுமுணுப்பா இறங்கி நிறுத்தினப்போ கைதட்டவே யாருக்கும் தோணல. கண்ணு கலங்கிடுச்சு எனக்கு. நல்ல ஆலாபனை கேட்டா வர்ற அதே இதுதான்.

ஆன்லைன்ல டிக்கெட் எடுத்தா 38 டாலருக்கு மேல 9 டாலர் சர்வீஸ் சார்ஜ் போடறாங்க, அது அநியாயம், தியேட்டருக்கு நேர்ல போய் எடுத்தா அந்தக் காசு மிச்சம். பார்க்கிங் ஃப்ரீ. சின்னப் பசங்களைக் கூட்டிட்டுப் போனா காதுக்கு பஞ்சு எடுத்துக்கோங்க.

கடைசில பிங்க் ஃபிளாய்டோட இன்னொரு பாட்டு 'கம்ஃபர்டப்ளி நம்' வாசிச்சாங்க, சோலோ நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா எனக்கு ஆல்பம் முடியற அந்த நெஞ்சுத்துடிப்போடவே நிறுத்தியிருக்கலாம்னு பட்டுச்சு. வெளிய வரும்போது அந்த டீச்சரம்மா லாபில தண்ணி பாட்டிலோட நின்னுட்டிருந்தாங்க, என் பொண்ணு நேரா அவங்ககிட்ட போய் தினமும் எவ்ளோ நேரம் சாதகம் பண்ணுவீங்கன்னு கேட்டா. ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும்னு நான் போய் காரை எடுத்துட்டு வந்தேன்.