பல இடங்களுக்கு ஒரே சுற்று: கூகுள் மேப்ஸா, ரூட் பிளானர் ஆப்பா, சொந்த அமைப்பா?

ஒரே நாளில் இருபது, முப்பது இடங்களுக்கு வண்டியில் போய்ப் பொருள் கொடுக்கும் வேலைக்கு நான் இப்போது காசு கட்டிப் பயன்படுத்துவது, எந்த வரிசையில் போவது என்று போட்டுத்தரும் தனி ரூட் பிளானர் ஆப். அதற்கு முன் கூகுள் மேப்ஸில் ஓட்டியிருக்கிறேன். திறந்தமூல மென்பொருளை வைத்துச் சொந்தமாக ஓர் அமைப்பும் செய்து பார்த்தேன். மூன்றிலும் வேலை நடக்கும். ஆனால் எத்தனை கிலோமீட்டர் மிச்சமாகும் என்பதை மட்டும் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சரிவராது.

கூகுள் மேப்ஸ் ஒன்பது நிறுத்தங்கள் வரை ஏற்றுக்கொள்ளும். ஆப்பிள் மேப்ஸ் 2022-ல் வந்த ஐஓஎஸ் 16 முதல் பதினைந்து வரை விடுகிறது. இரண்டுமே நாம் கொடுத்த வரிசைக்கு வழி சொல்லுமே தவிர, எந்த வரிசை நல்லது என்று சொல்லாது. விரலால் இழுத்து மாற்றி நாமேதான் பார்க்க வேண்டும். ஒன்பது இடங்களை 3,62,880 விதமாக வரிசைப்படுத்தலாம். இருந்தாலும் ஊர் தெரிந்தவருக்கு நாலைந்து இடம் என்றால் வரைபடத்தைப் பார்த்ததுமே வரிசை பிடிபட்டுவிடும். உங்கள் நாள் அவ்வளவுதான் என்றால் இதுவே போதும், வேறு எதற்கும் செலவு செய்ய வேண்டாம்.

அதற்கு மேல் போனால் வரிசை போட மென்பொருள் வேண்டும். ரோடுவாரியர், ரூட்டிஃபிக், ஆப்டிமோரூட் என்று தனி ஆப்கள் நிறைய உண்டு. சொந்தமாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு வ்ரூம், கூகுளின் ஓஆர்-டூல்ஸ் என்ற திறந்தமூல மென்பொருள்கள் இரண்டும் இலவசம். இந்தக் கணக்கு ஒன்றும் புதிதல்ல. பெட்ரோல் லாரிகளைப் பங்க்குகளுக்கு எப்படி அனுப்புவது என்று டான்ட்சிக், ராம்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1959-லேயே எழுதிவைத்தது. பதினைந்து இடம் என்றாலே வரிசைகள் ஒரு லட்சத்து முப்பதாயிரம் கோடியைத் தாண்டும் என்பதால், எந்த ஆப்பும் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பதில்லை. ஓரளவு நல்ல வரிசை ஒன்றை எடுத்துக்கொண்டு, வரைபடத்தில் ஒன்றையொன்று வெட்டும் பாதைக் கோடுகளைப் பிரித்துப் போடும். ஓர் இடத்தைப் பிடுங்கி வேறு இரண்டுக்கு நடுவே செருகிப் பார்க்கும். நேரம் குறைந்தால் அதையே வைத்துக்கொள்ளும். ஒரு வண்டி, முப்பது நிறுத்தம் என்ற அளவில் எல்லா ஆப்களும் இதை நன்றாகவே செய்கின்றன. இதில் இருக்கும் சின்ன வித்தியாசத்துக்காக ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறத் தேவையில்லை.

நான் பார்ப்பது, கிளம்பிய பிறகு திட்டம் கலையும்போது ஆப் என்ன செய்கிறது என்பதை. கலையாத நாள் அபூர்வம். ஏழாவது இடத்தில் நிற்கும்போது பத்தாவது வாடிக்கையாளர் போன் செய்து, "நாலு மணிக்கு மேல வாங்க" என்பார். அடுத்த தெருவில் வீடு பூட்டியிருக்கும். நடுவில் அவசரமாக ஒரு பார்சலை எடுத்துவரச் சொல்லி அழைப்பு வரும்.

கூகுள் மேப்ஸில் இதற்கு வண்டியை ஓரங்கட்டி, முடிந்த இடங்களை நீக்கி, மிச்சத்தை மறுபடி இழுத்து அடுக்க வேண்டும். தனி ஆப்பில் முடிந்த இடத்துக்கு ஒரு தட்டு, பத்தாவது நிறுத்தத்தில் 'நாலு மணிக்குப் பிறகு' என்று ஒரு திருத்தம், அப்புறம் 'மறுபடி வரிசைப்படுத்து'. இப்போது நிற்கும் இடத்திலிருந்து மிச்சமுள்ளவற்றுக்கு மட்டும் புது வரிசை வந்துவிடும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. காலையில் லோடு ஏற்றும்போது கடைசியில் கொடுக்க வேண்டியதை உள்ளே தள்ளி, முதலில் கொடுக்க வேண்டியதைக் கதவோரம் வைப்போம். ஆப் நடுவில் மொத்த வரிசையையும் புரட்டிப் போட்டால் வழியில் ஐந்து நிமிடம் மிச்சமாகலாம், ஆனால் அடுத்த பார்சல் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும். அதைத் தோண்டி எடுப்பதற்குள் மிச்சமான நேரம் அங்கேயே போய்விடும். அதனால் முழுவதையும் கலைக்காமல், புது நிறுத்தத்தை மட்டும் பொருத்தமான இடத்தில் செருகும் வசதி ஆப்பில் இருக்க வேண்டும். காலையில் கொடுத்த எண் வரிசை மாறினாலும் பார்சலோடு ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நான் அட்டைப்பெட்டியின் மேல் மார்க்கரால் அந்த எண்ணைப் பெரிதாக எழுதிவிடுவேன். மதியம் வரிசை எப்படி மாறினாலும் 17 என்றால் அது எங்கே இருக்கிறது என்று கை தானாகப் போகும். இந்த இரண்டும் ஒழுங்காக இருக்கும் ஆப்புக்கு மாதச் சந்தா கொடுக்கலாம் என்பேன்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே பாடுதான். பார்சல் நிறுவனமான யுபிஎஸ் தன் ஓட்டுநர்களுக்காகக் கட்டிய ஓரியன் மென்பொருள் முதலில் காலையிலேயே வரிசையைப் போட்டுக் கொடுத்துவிடும். நாள் நடுவிலும் வரிசையை மாற்றித்தரும் டைனமிக் ஓரியன் பிற்பாடு வந்ததுதான்.

சொந்த அமைப்பு எனக்கு ஒத்துவராததும் இதே இடத்தில்தான். வ்ரூம் அருமையான கருவி, அதில் சந்தேகமே இல்லை. ஒவ்வோர் இடத்திலும் ஆகும் நேரம், வரக்கூடிய நேரம், வண்டியின் கொள்ளளவு எல்லாவற்றையும் கொடுத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் விடை தரும். ஆனால் அதை நிறுவி, சாலைவழி நேரத்தைக் கணக்கிடும் ஓஎஸ்ஆர்எம் போன்ற ஒன்றோடு இணைத்து, இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தரவில் இந்த நேரத்துப் போக்குவரத்து நெரிசல் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேல், தெருவோரம் நின்றுகொண்டு முடிந்த வேலைகளை நீக்கிப் புறப்படும் இடத்தை மாற்றிக் கொடுக்க, போனில் ஒரு திரையையும் நாமே செய்தாக வேண்டும். நிரல் எழுத ஆள் இருந்து, நாளுக்கு நூற்றுக்கணக்கான நிறுத்தங்களும் இருந்தால் கணக்கு வேறு. பல வண்டிகளுக்குப் பங்கு பிரிக்கும் வேலையை நான் சிறிய அளவில்தான் செய்திருக்கிறேன். அங்கே அலுவலகத்திலிருந்து எல்லா வண்டிகளையும் ஒரே திரையில் பார்க்க முடிவதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது, அதற்கு ரூட்டிஃபிக், ஆப்டிமோரூட் மாதிரியானவை பொருந்தும்.

எதை எடுத்தாலும் இரண்டை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாவது, வரைபடத்தில் முகவரியைக் காட்டும் குறி (பின்) விழும் இடம். முகவரியைத் தட்டினால் சில சமயம் தெருவின் நடுவிலோ, வளாகத்தின் பின்சுவரிலோ விழும். ஒருமுறை வாசலுக்கு நகர்த்திச் சேமித்துவிட்டால் அடுத்த தடவை தொல்லை இல்லை. இரண்டாவது, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஆகும் நேரம். லிஃப்ட் இல்லாத நாலாவது மாடிக்கும் சாலையோரக் கடைக்கும் ஒரே நிமிடக் கணக்கைப் போட்டால், எவ்வளவு நல்ல ஆப்பும் மதியத்துக்கு மேல் தவறான நேரத்தைத்தான் காட்டும்.

பெரும்பாலான ஆப்களில் இலவச சோதனைக் காலம் உண்டு. அப்போது நேற்று உண்மையில் போன முகவரிகளையே ஏற்றுங்கள். பாதியை முடிந்ததாகக் குறித்துவிட்டு, எதிர்த்திசையில் ஒரு புது முகவரியைச் சேருங்கள். ஒரு நிறுத்தத்துக்கு நாலு மணிக்குப் பிறகு என்று கட்டுப்பாடு போடுங்கள். எத்தனை தட்டில் வேலை முடிகிறது, மற்ற பார்சல்களின் எண்கள் அப்படியே இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தச் சோதனையில் தடுமாறும் ஆப்புக்குச் சந்தா கட்ட வேண்டாம்.